சித்தப்பாவின் இடுப்பளவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவசரமான சேதி. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டீர்களாம். பகலில் உப்பில்லாத கஞ்சியாம். விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தை வேகவேகமாகச் சுற்றுகிறீர்களாம். சித்தி சொன்னார்கள். ஆபரேஷன் தேதிக்குள் வயிற்றைக் குறைத்துக் காட்டுவேன் என்று சபதம் வேறு. சித்தப்பா, இந்த மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கிற இந்தக் காரியங்கள் உங்களுக்கு இப்போது ஆகாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வயிற்று விவகாரத்துக்கு வருகிறேன்.

உங்கள் இடப்பக்க அட்ரினல் சுரப்பியில் இருக்கும் கட்டிக்குப் பியோக்குரோமோசைட்டோமா என்று பெயர். திடீரென்று தலைவலி, நெஞ்சு படபடப்பு, சட்டை நனையும் வியர்வை என்று அடிக்கடி வந்ததே, எல்லாம் இதன் வேலை. பயப்படும்போதும் ஓடும்போதும் உடம்பு சுரக்கிற அட்ரினலின் வகை ஹார்மோன்களை இந்தக் கட்டி காரணமில்லாமல் கொட்டுகிறது. அதனால் ரத்தக்குழாய்கள் எந்நேரமும் இறுகிக் கிடக்கின்றன. இறுகிய குழாய்க்குள் குறைந்த ரத்தமே போதும் என்று உடம்பும் பழகிவிட்டது. பி.பி. எகிறினாலும் உள்ளே ஓடுகிற நீரின் அளவு குறைவு.

இப்போது நீங்கள் சாப்பிடுகிற பிரேசோசின் மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. குழாய் அகலமாகும்போது அதை நிரப்ப உப்பும் தண்ணீரும் வேண்டும். டாக்டர் உப்பைக் கூட்டச் சொன்னது கைதவறி எழுதியது இல்லை. இத்தனை வருஷமாக "பி.பி.க்காரர் உப்பைத் தொடாதே" என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் உப்பையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனால், கட்டியை எடுத்த நிமிஷம் ஹார்மோன் நின்று, பி.பி. தடாலென்று இறங்கும். அதைத் தடுக்கத்தான் இந்த இரண்டு வாரத் தயாரிப்பு. மைதானத்தை வேகமாகச் சுற்றுவதும் வேண்டாம். கட்டி உள்ளே இருக்கும்போது கடுமையான உடற்பயிற்சியே படபடப்பைக் கிளப்பிவிடும். வீட்டுத் திண்ணைக்கும் தெருமுனைக்கும் மெதுவாக நடந்தால் போதும்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். முதலில் முதுகு வழியாக எடுக்கலாம் என்றார்கள். ஸ்கேனை அளந்து பார்த்த பிறகு, "உள்ளே கொழுப்பு நிறைய இருக்கு, கொஞ்சம் கஷ்டம், பக்கவாட்டு வழியாகப் போகலாம்" என்றார்கள். பக்கத்தில் சித்தி, "இதைத்தான் முப்பது வருஷமா நானும் சொல்லுதேன்" என்று சிரித்துவிட்டார்களாம். அதோடு நில்லாமல், பக்கத்துக் கட்டிலில் எண்பது கிலோவுக்கு மேல் இருக்கும் அக்காவிடம், "உங்களுக்குச் சுலபமாக முடிந்துவிடும்" என்று அதே சர்ஜன் சொன்னதையும் உங்கள் காதால் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எடை 66 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். வாழ்நாள் முழுக்க விசில் ஊதிப் பையன்களை ஓடவைத்த பி.டி. மாஸ்டருக்கு இது அவமானமாக இருக்காதா? இருக்கும். ஆனால் அந்த சர்ஜன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தம்பி அனுப்பிய ஸ்கேன் படங்களை நானும் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். நானும் ஒரு சர்ஜன்தானே, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே வழியைத்தான் எடுப்பேன்.

சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அட்ரினல் உட்கார்ந்திருக்கிறது. எடை நான்கைந்து கிராம்தான். வலப்பக்கத்துச் சுரப்பி முக்கோணமாக, கல்லீரலுக்குப் பின்னால், உடம்பின் மிகப் பெரிய சிரையை ஒட்டி இருக்கும். அதிலிருந்து வரும் சிரை குட்டையானது, நேராகப் பெருஞ்சிரையில் போய்ச் சேரும். அது கிழிந்தால் ரத்தம் பீறிடும், அதனால் வலப்பக்கம் என்றால் எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் பயம். உங்களுடையது இடப்பக்கம். பிறை மாதிரி வளைந்த சுரப்பி. அதன் சிரை நீளமானது, சிறுநீரகத்தின் சிரையில் போய்ச் சேர்வது, கட்டுவதற்கு வசதியானது. மண்ணீரலும் கணையத்தின் வாலும் அதன் மேல் சாய்ந்திருக்கும்.

இரண்டு பக்கமும் பொதுவான ஒன்று உண்டு. சிறுநீரகத்தையும் சுரப்பியையும் சேர்த்துச் சுற்றி ஒரு கொழுப்பு மெத்தை. அதற்கு வெளியே கெரோட்டா என்ற மெல்லிய உறை. எவ்வளவு ஒல்லியானவருக்கும் இந்த மெத்தை இருக்கும், இருக்கவும் வேண்டும். சுரப்பி பொன் மஞ்சள், கொழுப்பு வெளிர் மஞ்சள். கேமராவில் அந்த நிற வேறுபாட்டைப் பார்த்துத்தான் சுரப்பியை அடையாளம் காண்கிறோம். இன்னொரு சங்கதியும் சொல்கிறேன். சுரப்பியை நாங்கள் கருவியால் நேராகப் பிடிப்பதே கிடையாது. அது நொய்ந்தது, பிய்ந்துவிடும். உங்கள் வகைக் கட்டி பிய்ந்தால் அதன் செல்கள் சிந்தி வேறு இடத்தில் முளைக்கலாம். அதனால் ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பிடித்துத் தூக்கித்தான் சுரப்பியைத் திருப்புகிறோம். ஆகக் கொழுப்பே எதிரி என்று நினைக்காதீர்கள். அளவாக இருந்தால் அது எங்களுக்குக் கைப்பிடி. அளவு மீறினால்தான் வேலை மெதுவாகிறது.

இந்தச் சுரப்பியை அடைய இத்தனை பாடு ஏன் என்றால், அது முன்னாலிருந்தும் தூரம், பின்னாலிருந்தும் தூரம். 1926-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் சேசர் ரூ, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ, இருவரும் அதே ஆண்டில் உங்களுடையது போன்ற கட்டிகளை வெற்றிகரமாக எடுத்தார்கள். ஸ்கேன் இல்லாத காலம். பெரிதாகத் திறந்து கையால் தடவித்தான் தேட முடியும். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பெரிய கீறல்தான். சுரப்பி கட்டைவிரல் அளவு, கீறலோ ஒரு முழம். 1992-இல் கனடாவில் மிஷேல் கான்யே லேப்ராஸ்கோப்பி மூலம் அட்ரினலை எடுத்ததை வெளியிட்டார். அந்த முறைதான் உங்களுக்கு இப்போது சொல்லியிருக்கும் பக்கவாட்டு வழி. சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் மார்ட்டின் வால்ஸ் முதுகு வழியைச் செம்மைப்படுத்தினார். முதலில் உங்களுக்குச் சொன்னது அது.

பக்கவாட்டு வழியில் உங்களை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழே மூன்று அல்லது நான்கு சிறு துளைகள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புவார்கள். மண்ணீரலையும் கணைய வாலையும் பிடித்துவைத்திருக்கும் இணைப்புகளை வெட்டிவிட்டால், அவை தம் எடையாலேயே வலப்பக்கம் சரிந்து வழிவிடும். சுரப்பி தெரியும். இடம் விசாலம், நாங்கள் படித்துப் பழகிய உடற்கூறு அப்படியே கண்முன் விரியும்.

முதுகு வழி வேறு. குப்புறப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, கடைசி விலாவுக்குக் கீழே துளை போடுவார்கள். குடல், ஈரல், மண்ணீரல் எதையும் தொடாமல் பின்னாலிருந்தே சுரப்பிக்குப் போய்விடலாம். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆகி உள்ளே ஒட்டிக்கிடப்பவர்களுக்கு இது பெரிய வரம். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டியவர்களைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆனால் அங்கே இயற்கையான வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. கொழுப்பைத் தள்ளி, 20 முதல் 25 வரை வாயு அழுத்தம் கொடுத்து, நாமாக ஒரு சிறு அறையை உண்டாக்க வேண்டும்.

நம் ஊர்க் கிணற்றில் வாளி விழுந்தால் நீங்கள்தானே பாதாளக்கரண்டி போட்டு எடுப்பீர்கள். முதலில் கிணறு எத்தனை ஆழம், கயிறு எட்டுமா, உறைக்கும் உறைக்கும் நடுவே கரண்டி திரும்ப இடம் உண்டா என்று பார்ப்பீர்கள். அதையேதான் முதுகு வழிக்கு முன்னால் சர்ஜன் ஸ்கேனில் பார்க்கிறார்.

அவர் அளந்தவை இவை. ஒன்று, முதுகுத் தோலிலிருந்து கெரோட்டா உறை வரைக்கும் உள்ள தூரம். இது கூடினால் துளைக்குழாய் உள்ளே போவதற்குள் நீளம் தீர்ந்துவிடும், கருவியைச் சாய்த்துத் திருப்பவும் முடியாது. இரண்டு, அந்த உறையிலிருந்து சிறுநீரகம் வரைக்கும் உள்ள கொழுப்பின் தடிமன். மூன்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் உள்ள இடைவெளி. அது குறுகினால் துளைகள் நெருங்கி, கருவிகள் ஒன்றோடொன்று இடிக்கும். நான்கு, கடைசி விலாவோடு ஒப்பிட்டால் சிறுநீரகம் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பது. மேலே இருந்தால் விலாவுக்கு அடியில் நுழைந்து வெகுதூரம் எட்ட வேண்டும்.

இதில் உங்களுக்கு முதல் அளவு நன்றாகவே இருக்கிறது. முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, மைதானத்தில் நின்ற உடம்பு அல்லவா. மூன்றாவதும் நான்காவதும் பாதகமில்லை. இரண்டாவதுதான் இடிக்கிறது. இடச் சிறுநீரகத்துக்குப் பின்னால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கொழுப்பு. அது வெறும் கொழுப்பாகக் கறுப்பாகத் தெரியாமல், நடுநடுவே நூல் இழுத்தாற்போல வெள்ளைக் கீற்றுகள். அந்தக் கீற்று இருந்தால் கொழுப்பு சிறுநீரகத்தோடு ஒட்டிக்கிடக்க வாய்ப்பு அதிகம். சுலபமாக உரியாது, உரித்தால் கசியும்.

இதற்கு மேயோ கிளினிக்கில் 2014-இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். சிறுநீரகக் கட்டி ஆபரேஷனுக்காக உருவாக்கியது, பக்கத்து வீட்டுக்காரர்களான எங்களுக்கும் உதவுகிறது. சிறுநீரகச் சிரை தெரிகிற மட்டத்தில் பின்பக்கக் கொழுப்பை அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பூஜ்யம், ஒன்றிலிருந்து இரண்டுக்குள் என்றால் 1, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 2. கீற்று இல்லை என்றால் பூஜ்யம், மெலிதாக இருந்தால் 2, தடித்திருந்தால் 3. மொத்தம் 5. உங்களுக்கு நான் போட்ட மார்க் 4. பரீட்சையில் எடுத்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

அப்படியானால் 66 கிலோக்காரருக்கு இவ்வளவு கொழுப்பு எப்படி என்று கேட்பீர்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருகிற பி.எம்.ஐ. கணக்கு உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து உடல்நலப் பதிவேட்டில் பையன்களுக்கெல்லாம் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கின் மூலவர் டாக்டரே இல்லை. 1830-களில் பெல்ஜியத்தில் இருந்த கெட்டலே என்ற வானியலாளர். பெருங்கூட்டமான மக்களின் சராசரியைக் கண்டறிய நினைத்தவர். 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அது நல்ல கணக்கு. ஒற்றை ஆளின் உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரிப்பதில்லை. கொழுப்பு தொடையிலா, தொப்பையிலா, சிறுநீரகத்தைச் சுற்றியா என்றும் சொல்வதில்லை.

2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எங்கள் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. ஒல்லியான கையும் காலும், சட்டைப் பொத்தானை இழுத்துப்பிடிக்கிற வயிறும் நம்மவர்களின் வாகு. அதனால்தான் மேலைநாட்டில் 25-க்கு மேல் அதிக எடை என்றால், இங்கே 23-லேயே எச்சரிக்கிறார்கள். உங்கள் 66 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 23.4 வருகிறது, அதாவது கோட்டைத் தாண்டிய கையோடு நிற்கிறீர்கள். இடுப்பளவுக்கு இந்திய ஆண்களின் வரம்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. உங்களுக்கு 98. எடைக் கருவியைவிட டேப் உண்மைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஸ்கேன் இன்னும் பக்கத்தில் போயிருக்கிறது.

இதில் ஆண் பெண் வித்தியாசமும் உண்டு. பொதுவாகப் பெண்களுக்குக் கொழுப்பு தோலுக்கடியில், இடுப்பிலும் தொடையிலும் சேரும். ஆண்களுக்கு வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேரும். பக்கத்துக் கட்டில் அக்காவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. ஆனால் அவரைப் போன்ற உடல்வாகுள்ள பல பெண்களுக்கு உள்ளே பார்த்தால் சிறுநீரகத்தைச் சுற்றி மெல்லிய படலம்தான் இருக்கும். பக்கவாட்டாகப் படுக்க வைத்ததும் அவர்களின் தோலடிக் கொழுப்பு ஒரு பக்கம் சரிந்துவிடும், உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரியும். கட்டியும் சின்னதாக இருந்தால் சர்ஜன் "சுலபம்" என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. அதே அக்காவுக்கு முதுகு வழி என்றால் தோலிலிருந்து உறைக்கான தூரமே தடையாகியிருக்கும். ஒரே உடம்பு ஒரு வழிக்குக் கஷ்டம், மறு வழிக்குச் சுலபம். "இந்த ஆள் கஷ்டமான நோயாளி" என்று யாரையும் மொத்தமாகச் சொல்ல முடியாது.

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. ஆபரேஷன் எவ்வளவு நேரம் பிடித்தது, எவ்வளவு ரத்தம் போனது, லேப்ராஸ்கோப்பியை விட்டுத் திறக்க வேண்டி வந்ததா, பிறகு சிக்கல் வந்ததா என்று நான்கையும் வைத்துத்தான் கஷ்டத்தை அளக்கிறார்கள். பி.எம்.ஐ. கூடினால் நேரம் கொஞ்சம் கூடுகிறது என்று சிலர் கண்டார்கள், பெரிய வித்தியாசமில்லை என்று சிலர் கண்டார்கள். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பை ஸ்கேனில் அளந்தவர்களுக்குத் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதோடு கட்டியின் அளவு, எந்தப் பக்கம், என்ன வகைக் கட்டி, சர்ஜனுக்கு எத்தனை அனுபவம் என்பவையும் சேரும். உடல் பருமனானவர்களுக்கும் பழகிய கைகள் பத்திரமாகவே செய்கின்றன.

உங்கள் கட்டியின் வகை இங்கே முக்கியமாகிறது. மற்ற அட்ரினல் கட்டிகளைக் கொஞ்சம் அமுக்கித் தள்ளினாலும் அவை சும்மா இருக்கும். உங்களுடையதைத் தொட்டாலே ஹார்மோனைக் கக்கும், மானிட்டரில் பி.பி. ஏறும், மயக்க மருந்து டாக்டர் "கொஞ்சம் நிறுத்துங்க" என்பார். நாங்கள் கையை எடுத்துக் காத்திருப்போம். ஒட்டும் கொழுப்புக்குள் குறுகிய இடத்தில் வேலை செய்தால் கட்டியை இடிக்காமல் இருப்பது கடினம். உங்கள் கட்டி 4.5 சென்டிமீட்டர். இவ்வளவையும் கூட்டிப் பார்த்துத்தான் விசாலமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போதாததற்கு, இந்த ஹார்மோன் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பையே மாற்றிவிடும். பச்சைக் குழந்தைகளுக்கு உடம்புச் சூட்டுக்காக இருக்கிற பழுப்புக் கொழுப்பு பெரியவர்களிடம் தூங்கிக்கிடக்கும், அதை இது எழுப்பிவிடும். அதில் ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் நீங்கள் தின்ற பலகாரத்தால் வந்ததில்லை. கட்டிக்கும் அதில் பங்கிருக்கலாம்.

குப்புறப் படுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. வயிறு தடையின்றித் தொங்க வேண்டும். அது மெத்தையில் அமுங்கினால் மூச்சுக்கும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்துக்கும் இடைஞ்சல். பி.பி. ஏறி இறங்கக்கூடிய ஆளை அப்படிப் படுக்கவைக்க மயக்க மருந்து டாக்டரும் யோசிப்பார். அவர் கருத்தையும் கேட்டுத்தான் முடிவு மாறியிருக்கும்.

இப்போது பட்டினி விஷயத்துக்கு வருகிறேன். உடல் பருமன் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வது உண்மைதான். உங்கள் பழைய மாணவர் யாரோ அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தீர்களாம். அது கல்லீரலைச் சுருக்குவதற்காக. கல்லீரல் சீக்கிரம் சுருங்கும். சிறுநீரகத்தைச் சுற்றி வருஷக்கணக்கில் சேர்ந்து ஒட்டிக்கொண்ட கொழுப்பு இரண்டு வாரப் பட்டினிக்கு அசையாது. கரைவது உங்கள் தசையும், நாங்கள் பாடுபட்டு நிரப்புகிற ரத்தத்தின் அளவும்தான். போன வருஷம் உங்கள் எடை தானாகக் குறைந்ததே, "வாக்கிங் போனதன் பலன்" என்று சந்தோஷப்பட்டீர்களே, அதுவே இந்தக் கட்டி உடம்பைத் தின்றதாக இருக்கலாம். இனியும் குறைத்தால் நஷ்டம்.

அதனால் சர்ஜன் அளந்ததைக் குற்றப்பத்திரிகை மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் பள்ளிக்கூடத்தில் பையன்களை வரிசையில் நிறுத்தி உயரமும் மார்பளவும் எடுத்தீர்கள். எவன் நல்லவன் என்று கண்டுபிடிக்கவா எடுத்தீர்கள்? எவனைக் கபடிக்குப் போடலாம், எவனை நீளம் தாண்டவிடலாம் என்று பார்க்கத்தானே. நெட்டையனைக் கபடியிலிருந்து மாற்றிக் கூடைப்பந்துக்கு அனுப்பினால் அவனை மட்டம் தட்டியதாக அர்த்தமில்லை. உங்களை முதுகு வழியிலிருந்து பக்கவாட்டு வழிக்கு மாற்றியதும் அப்படித்தான். எனக்குக் கவலை தருகிற சர்ஜன், எல்லாருக்கும் ஒரே வழி என்று அளக்காமலேயே கத்தியை எடுப்பவர். உங்களுக்குக் கிடைத்திருப்பவர் அளக்கிறவர்.

கையெழுத்துப் போடும் தாளில், "தேவைப்பட்டால் திறந்து செய்வோம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கேமராவில் பாதுகாப்பாகச் செய்ய முடியவில்லை என்றால் திறப்பதுதான் புத்திசாலித்தனம், தோல்வி ஒன்றும் இல்லை. அந்த வரி எல்லாருடைய தாளிலும் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரவு ஐ.சி.யு.வில் வைப்பார்கள். அது ஆபத்து என்பதால் இல்லை, பி.பி.யையும் சர்க்கரையையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதால். கட்டியை எடுத்ததும் சர்க்கரை சில மணி நேரத்துக்கு இறங்கலாம். ஒரு சுரப்பி போனாலும் வலப்பக்கத்து ஒன்றே உடம்புக்குப் போதும், ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை இந்த ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ தவறக் கூடாது. இந்தக் கட்டி சிலருக்குப் பரம்பரையாக வரும் என்பதால் உங்களுக்கு மரபணுப் பரிசோதனையும் சொல்வார்கள். மறுக்காதீர்கள். தம்பிக்கும் தங்கச்சிக்கும் அது உதவும்.

வயிற்றைக் குறைப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள், அந்த வைராக்கியத்தை வீணாக்க மாட்டேன். தையல் ஆறி, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு ஆரம்பிக்கலாம். அப்போது எடைக் கருவியைப் பரண்மேல் போட்டுவிட்டு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வெறும் உடம்பில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. எந்தப் பையன் எக்குகிறான் என்று கண்டுபிடித்துப் பிரம்பைக் காட்டிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை நோட்டில் குறித்துவையுங்கள். 90-க்குக் கீழே வர ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை. மூன்று வேளையும் சாப்பிடுங்கள், ராத்திரி இட்லியாவது தோசையாவது கட்டாயம். டாக்டர் எழுதிய அளவுக்கு உப்பும் தண்ணீரும். மாத்திரையைப் போட்டதும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள், கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருங்கள், தலை சுற்றும். மூக்கடைப்பு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அதற்காக மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், சில சளி மருந்துகள் பி.பி.யைக் கிளப்பிவிடும். படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் பி.பி. பார்த்துத் தம்பியிடம் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சர்ஜனிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "இந்த வழியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எந்தக் கட்டத்தில் திறப்பீர்கள்" என்று கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள், விசில் இல்லாமல் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் நான் மதுரைக்கு வந்துவிடுவேன். லீவு சொல்லியாகிவிட்டது. தியேட்டருக்குள் வர மாட்டேன், அது அவர்கள் இடம். வெளியில் சித்தியோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு முறுக்கு சுட வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கள், உங்களுக்கு எட்டாத உயரத்தில் ஒளித்துவைப்பதே அவர்களுக்கு வேலையாகிவிடும்.

இந்தக் கடிதம் வந்த அன்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று எனக்குப் போனில் சொல்ல வேண்டும். சித்தியைக் கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்